தப்பே இல்லாத ஆட்டம்

செஸ்ஸில் மாஸ்டர் ஆகப் போகிறேன் என்று பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தெருவில் எல்லாரையும் ஜெயிப்பேன், போட்டிக்குப் போனால் எல்லாரிடமும் தோற்பேன். மாஸ்டர் ஆவதற்கான பயிற்சி வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் லேத் பட்டறைதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

வகுப்பு நடத்தும் கஜேந்திரன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு தப்புகூட இல்லாம நீ ஆடின ஆட்டம் ஒண்ணு காட்டு. சேத்துக்கிறேன்."

"என்கிட்ட அப்படி எதுவும் இல்ல சார். அது எப்படி இருக்கும்னு நீங்க காட்டுங்களேன்."

அவருக்கு ஒரே குஷி. தனக்குக் கோப்பை வாங்கித் தந்த ஆட்டத்தை வகுப்பு முழுக்கப் பார்க்க ஆடிக் காட்டினார். பாதியில் நான் கையைத் தூக்கினேன்.

"சார், குதிரையை நகர்த்தினதும் வழி திறந்துடுச்சு. அந்த மூலையில இருக்கிற பிஷப் உங்க ராணியை வெட்டிடுமே."

சார் பலகையையே முறைத்தார்.

"அன்னிக்கு எதிர்ல ஆடினவன் பாக்கல. நானும் இதுவரைக்கும் பாக்கல. உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"நான் வாராவாரம் இப்படித்தான் சார் ராணியைப் பறிகொடுக்கிறேன்."

வகுப்பே சிரித்தது. சாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போய் உக்காரு. ஆனா இங்க பழைய தப்பெல்லாம் பண்ணக் கூடாது, புதுசாத்தான் பண்ணணும்."

"அதுல எனக்கு நல்ல திறமை இருக்கு சார்" என்றேன்.