கீரி வாய் திறக்காத மூன்று நாள்

நாவல்மடுக் காட்டில் செம்பி என்று ஒரு கீரி இருந்தாள். அந்தக் காட்டுக் கூடைப்பந்து அணிக்கு அவள் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் கார்வேந்தன் என்ற கரடி.

அந்த மலைப்பக்கத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் அணி உண்டு. ஆற்றோரத்துப் புல்வெளிதான் எல்லோருக்கும் பொதுவான ஆடுகளம். களத்தின் இரு முனையிலும் மருத மரக்கிளையில் நார்க்கூடை தொங்கும். காட்டுக்கொடியைச் சுற்றிச் செய்த பந்தை அதில் போட வேண்டும். குரங்கு கையால் எறியும். மான் துள்ளி நெற்றியால் தட்டும். களத்துக்குள் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது எல்லாக் காடுகளும் ஒப்புக்கொண்ட சட்டம். களத்துக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது.

செம்பிக்கு இது நாலாவது காடு. முதலில் நாணல் சதுப்பில் ஒரு நீர்நாயிடம் வேலை பார்த்தாள். அணி தொடர்ந்து தோற்றது. அந்தக் காட்டின் சபை நீர்நாயை அனுப்பிவிட்டது. மறுநாளே வந்த புதிய பயிற்சியாளர் தனக்கு வேண்டிய துணைகளைக் கையோடு கூட்டி வந்தார். செம்பி கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த காட்டில் ஒரு காட்டுப்பன்றியிடம் சேர்ந்தாள். அங்கே அணி ஜெயித்தது. ஜெயித்ததைப் பார்த்துப் பெரிய காடு ஒன்று பன்றியை அழைத்துக்கொண்டது. அவர் தன்னோடு ஒரே ஒரு துணையைத்தான் கூட்டிப் போனார். அது செம்பி இல்லை. மூன்றாவது காட்டில் பயிற்சியாளருக்கும் சபைக்கும் சண்டை வந்தது. சண்டையில் வேலை போனது செம்பிக்கு. தோற்றாலும் போக வேண்டும், ஜெயித்தாலும் போக வேண்டும். துணைப் பயிற்சியாளரின் பிழைப்பு அப்படித்தான்.

நாவல்மடுவுக்கு வந்து ஆறு மழைக்காலம் ஆகியிருந்தது. ஆடப் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. முள்ளுக்காடு, மூங்கில் புதர், பாறை இடுக்கு என்று எங்கெங்கோ நடப்பாள். தாய்மாரிடம் பேசுவாள். பிள்ளைகளை அழைத்து வந்து ஓடவும் குதிக்கவும் பழக்குவாள். ஆட்டம் ஜெயித்தால் எல்லோரும் கார்வேந்தனைச் சுற்றி நிற்பார்கள். செம்பி சிதறிக் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

தானும் ஒருநாள் ஓர் அணியைத் தன் பேச்சுப்படி நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு அவள் அழைத்து வந்தவர்களில் ஒருத்தி புள்ளி. அவள் ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஆனால் அவள் குதித்தால் கூடை விளிம்பு அவள் நெற்றிக்கு எட்டும். அவளை அனுப்பத் தாய்க்கு மனமே இல்லை.

"எங்கள் இனத்துக்குக் கொம்பு கிடையாது, கோரைப்பல்லை வைத்துச் செந்நாயோடு சண்டை போடவும் முடியாது. கால் ஒன்றுதான் எங்களுக்கு உயிர். அங்கே அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்?" என்று அந்தத் தாய் கேட்டாள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் செம்பி.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தாய் மகளை அனுப்பினாள்.

புள்ளி வந்த பிறகு நாவல்மடு அணி எட்டு ஆட்டம் ஜெயித்தது. இறுதி ஆட்டம் குறிஞ்சிமேட்டு அணியோடு என்று முடிவானது. அதற்கு நாலு நாள் முன்னால் கார்வேந்தன் செம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"பெருந்தேக்குக் காட்டில் பயிற்சியாளர் இடம் காலியாகிறது. இறுதி ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் ஆள் வருகிறார்கள். ஜெயித்தால் எனக்குத்தான் அந்த இடம். நான் போனால் இந்த அணி உனக்கு. சபையிலும் பேசிவிட்டேன்."

செம்பி "சரி, ஐயா" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பயிற்சியில் புள்ளி ஒருமுறை குதித்துவிட்டுத் தரையில் இறங்கியபோது முகம் சுளித்ததைச் செம்பி கவனித்தாள். பயிற்சி முடிந்ததும் அவளை ஓரமாக அழைத்துப் பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தாள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தது.

"எத்தனை நாளாக?"

"இரண்டு நாளாக, அக்கா. ஐயாவிடம் சொல்லிவிடாதீர்கள். இறுதி ஆட்டத்தில் நான் ஆடியே ஆக வேண்டும்."

நொச்சி இலையை மென்று செம்பி அந்த மூட்டில் பற்றுப் போட்டாள். சொல்ல வேண்டும் என்றுதான் கார்வேந்தன் இருக்கும் பக்கம் நடந்தாள். வழியில் வளவன் எதிரே வந்தான். அவன் மரநாய், அணியின் இன்னொரு துணைப் பயிற்சியாளர். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீங்கள் எத்தனை காடு மாறிவிட்டீர்கள்? இந்த இடம் இப்போது தவறினால் இனிமேல் யார் தருவார்கள்? மூன்று நாள்தானே. வாயை மூடிக்கொண்டு இருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவளுக்கு வேண்டிய மட்டும் ஓய்வு கொடுங்கள்."

செம்பி நின்று யோசித்தாள். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அன்றும் அவள் வாய் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை, மூன்றாம் நாளும் திறக்கவில்லை. பற்று மட்டும் மாற்றிப் போட்டாள். ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. ஒவ்வொரு முறையும், "நேற்றைக்கு இன்று பரவாயில்லை" என்று புள்ளியிடம் சொன்னாள். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள்.

இறுதி ஆட்டத்தன்று ஆற்றோரம் கூட்டம் தாங்கவில்லை. பெருந்தேக்கிலிருந்து வந்த இரண்டு கடமான்கள் முன்வரிசையில் நின்றன. பாதி ஆட்டம் வரை இரண்டு அணியும் சமமாக இருந்தன. பிறகு புள்ளி பந்தோடு பாய்ந்தாள், குதித்தாள், கூடையில் போட்டாள். இறங்கும்போது அந்தக் கால் மடங்கியது. கீழே விழுந்தவள் சத்தமே போடவில்லை.

செம்பி ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். மூட்டு விலகியிருந்தது.

கார்வேந்தன் வந்து குனிந்தார். "கட்டுப் போட்டு அனுப்பு."

"ஐயா, மூட்டு விலகிவிட்டது."

"எனக்கும் தெரிகிறது. இன்னும் நாலு கூடைதான். அவளால் முடியும்."

"நான் ஆடுகிறேன், அக்கா" என்று புள்ளி மூன்று காலில் எழுந்து நின்றாள்.

செம்பி தலை நிமிர்ந்தாள். களத்தின் எல்லைக்கு அப்பால் ஐந்து செந்நாய்கள் உட்கார்ந்திருந்தன. கூட்டம் முழுவதும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவை ஐந்தும் புள்ளியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இவள் ஆடமாட்டாள்" என்றாள் செம்பி.

"அதைச் சொல்ல நீ யார்?" என்றார் கரடி.

"இவளைக் கூட்டி வந்தவள்."

"நான் உனக்குச் சொன்னதை மறந்துவிட்டாயா?"

"மறக்கவில்லை, ஐயா. மறக்காததால்தான் மூன்று நாளாகச் சும்மா இருந்தேன். இந்தக் கால் மூன்று நாளுக்கு முன்பே வீங்கிவிட்டது."

கார்வேந்தன் முசுக் குரங்கு ஒன்றைப் புள்ளிக்குப் பதிலாக இறக்கினார். நாவல்மடு இரண்டு கூடை வித்தியாசத்தில் தோற்றது. பெருந்தேக்குக் கடமான்கள் ஆட்டம் முடிவதற்கு முன்பே போய்விட்டன. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று கரடி செம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

கூட்டம் கலைந்தது. செந்நாய்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. நடக்க முடியாத சருகுமான் எல்லையைத் தாண்டினால் பத்தடி போக மாட்டாள் என்று அவற்றுக்குத் தெரியும்.

செம்பிக்கும் தெரியும். அதனால் அவள் புள்ளியைக் களத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவில்லை. மருத மரத்தடியில் சருகைக் குவித்து அவளைப் படுக்க வைத்தாள். உதிர்ந்த பழம், தளிர், நொச்சி இலை என்று வெளியே போய்க் கொண்டுவந்தாள். செந்நாய்களுக்கு வேண்டியது மான்தான், கீரி இல்லை. ஆனாலும் அவற்றில் ஒன்று அவள் வழியை மறித்தது.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டது.

"அவள் நடக்கிற வரைக்கும்."

"எங்களுக்குப் பொறுமை உண்டு."

"எனக்கு வேறு வேலை இல்லை" என்றாள் செம்பி.

ஒன்பதாம் நாள் செந்நாய்கள் பசி தாங்காமல் வேறு பக்கம் போய்விட்டன. இருபத்தாறாம் நாள் புள்ளி நடந்தாள். ஆனால் கால் பழையபடி சேரவில்லை. நடையில் ஒரு நொண்டல் தங்கிவிட்டது. இனி ஓடித் தப்பிக்கலாம். கூடைக்குக் குதிக்க முடியாது.

செம்பி அவளைத் தாய் இருந்த மூங்கில் புதருக்கு அழைத்துப் போனாள். தாய் மகளின் நடையைப் பார்த்தாள். பிறகு செம்பியைப் பார்த்தாள்.

விழுந்ததில் அடிபட்டது என்று சொல்லியிருக்கலாம். புள்ளி மறுத்திருக்க மாட்டாள். செம்பி அப்படிச் சொல்லவில்லை. "வீங்கியிருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். எனக்கு ஒரு பதவி வருவதாக இருந்தது. அதற்காக மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். அன்றே நிறுத்தியிருந்தால் இவள் இன்று குதித்துக்கொண்டிருப்பாள்."

தாய் மகளின் காலை நக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "போய்விடுங்கள்" என்றாள். செம்பி போய்விட்டாள்.

அடுத்த பருவத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரக் கார்வேந்தன் வளவனை அனுப்பினார். வளவன் முள்ளுக்காட்டுக்குப் போனான், பாறை இடுக்குக்குப் போனான், மூங்கில் புதருக்கும் போனான். போன இடமெல்லாம் தாய்மார் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எங்கள் பிள்ளைக்கு அடிபட்டால், உங்களில் யார் வந்து எங்களிடம் உண்மையைச் சொல்வீர்கள்?"

வளவன் தனியாகவே திரும்பினான். சருகுமான் தாய் நடந்ததைத் தண்ணீர்த் துறையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். செம்பி செய்த தவற்றையும் சொன்னாள். தன் வாயாலேயே அவள் அதை ஒப்புக்கொண்டதையும் சொன்னாள். "எனக்கு அவள் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் இன்னொரு பிள்ளையை அனுப்புவதென்றால் அவளை நம்பித்தான் அனுப்புவேன்" என்றாளாம்.

அந்தப் பருவத்தில் நாவல்மடுவுக்கு அணி சேரவே இல்லை. சபை கார்வேந்தனை அனுப்பிவிட்டது. சபைத் தலைவியான காட்டெருமை, ஆற்றங்கரைப் புற்றருகே தனியாக இருந்த செம்பியைத் தேடி வந்தாள்.

"அணியை நீயே நடத்து."

செம்பி உடனே தலையாட்டவில்லை. "ஒரு சட்டம் வேண்டும். பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று துணைப் பயிற்சியாளர் சொன்னால், தலைமைப் பயிற்சியாளர் அதை மீறக் கூடாது."

காட்டெருமைக்கு வியப்பாக இருந்தது. "இனி நீதானே தலைமை? உன் கையை நீயே கட்டிக்கொள்கிறாயே."

"எனக்கும் ஜெயிக்க ஆசை வரும், அம்மா. வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும்."

சபை ஒப்புக்கொண்டது. வளவன் வேலை போய்விடும் என்று கிளம்பத் தயாராக இருந்தான். செம்பி அவனையே துணையாக வைத்துக்கொண்டாள். "அன்று உன் பேச்சைக் கேட்டது நான். தவறு உன்னுடையது மட்டும் இல்லை" என்றாள். தாய்மார் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். புள்ளியின் தாய் மட்டும் கடைசி வரை செம்பியோடு பேசவில்லை.

அந்த ஆண்டு அணி தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரு கூடை போட்டால் இறுதி ஆட்டம். அணியில் நன்றாக ஆடும் குழிமுயல், வளவனிடம் வந்து தோள் வலிக்கிறது என்றது. வளவன் தொட்டுப் பார்த்தான். பிறகு செம்பியின் எதிரே வந்து நின்றான்.

"முயல் ஆடக் கூடாது, அக்கா."

இன்னும் கொஞ்ச நேரம்தானே என்ற வார்த்தை செம்பியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"சரி. உட்கார வை" என்றாள்.

நாவல்மடு அன்று ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றது. குழிமுயல் அழுதது. செம்பி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளுக்கு இலை கட்டிவிட்டாள். அன்று மாலையே அதன் தாயிடம் நடந்ததைச் சொல்லக் கிளம்பினாள்.

நம்மை நம்பி வந்தவரின் வலியை மறைத்து நாம் ஏறிச் சேரும் பதவி எதுவும் உயர்ந்த பதவி ஆகாது.