பெருங்காய ரசம்

ஒரு ஊர்ல ஒரு வயிறு இருந்துச்சு. சிரிக்காதடா, வயிறேதான். நிறைமதின்னு நாலு வயசுப் பிள்ளையோட வயிறு. கையும் காலும் குச்சியா இருக்கும், வயிறு மட்டும் பானையாட்டம் உப்பியிருக்கும். எதைத் தின்னாலும் கடமுட கடமுடன்னு உருளும், அப்புறம் சளசளன்னு போயிடும். எங்க, ம் சொல்லு.

அவ அம்மா செண்பகம் திருஷ்டி சுத்திப் போட்டா, பூச்சி மருந்து குடுத்தா. ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க: "இவளுக்குக் கோதுமை ஆகாதும்மா. உள்ள போனா குடல் புண்ணாகி, எந்தச் சத்தும் உடம்புல ஒட்டாது. ஒரு துணுக்குகூடக் கூடாது, ஆயுசுக்கும்."

அப்போ செண்பகம் சப்பாத்தியை நிறுத்தினா. வயிறு கடமுட. பிஸ்கட், ரவை, சேமியா எல்லாத்தையும் வாரிக் கொட்டினா. அப்பவும் கடமுட. மூணாவதா, வெறும் சோறும் ரசமும்னு ஆக்கிட்டா. அரிசி என்ன செய்யும், பாவம்? வயித்துக்கு நல்லதாச்சேன்னு பெருங்காயத்தை வேற தாராளமா கரைச்சு ஊத்தினா. தெருவே கமகமன்னு மணக்கும்.

"வலிக்கும்மா, வேணாம்மா"ன்னு பிள்ளை அழுவா. "ரசம் வலிக்குமாடி? நடிக்காத"ன்னு மூக்கைப் பிடிச்சு மடக் மடக்குன்னு ஊத்துவா. வலி கூடக் கூடப் பெருங்காயமும் கூடுச்சு. சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. தூங்கிட்டியா? ம்.

அப்புறம் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. டாக்டரம்மா கேட்டாங்க, "ரசத்துல என்னென்ன போடுறீங்க?"

"மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம்."

"கடைப் பெருங்காயமா? அதுல கோதுமை மாவு கலந்திருக்குமேம்மா! நாங்களும் சொல்லாம விட்டுட்டோமே."

செண்பகம் தலையில டொப்பு டொப்புன்னு அடிச்சுக்கிட்டா. அடிச்சு என்ன பண்ண?

வீட்டுக்கு வந்து, பெருங்காயமில்லாம ரசம் வச்சு, சோத்தைக் குழையப் பிசைஞ்சு நீட்டினா. "இதுல ஒண்ணும் இல்லடி தங்கம். அம்மா மேல சத்தியம்." பிள்ளை பல்லைக் கடிச்சுக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா. பக்கத்து வீட்டு மல்லிகாக்கா வந்து அதே சோத்தை உருட்டிக் குடுத்தா. பிள்ளை ஆ காட்டினா பாரு!

வயிறு மெல்ல மெல்ல ஆறுச்சு. கன்னத்துல சதை வச்சுது. ஆனா அம்மா கைக்கு மட்டும் அந்த வாய் திறக்கவே இல்லடா.

"அப்போ அவங்க அம்மா என்ன செய்வாங்க, அத்தை?"

சோத்தைப் பிசைஞ்சு மல்லிகாக்கா கையில குடுத்துட்டு, கதவுக்குப் பின்னாடி நின்னு, பிள்ளை மெல்லுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பா.

அவ்வளவுதான், கதை வத்திப்போச்சு. கண்ணை மூடு சாமி.