முப்பத்தாறு அடிப் புகைபோக்கி

முந்திரிக் காட்டை ஒட்டி ஒரு மடம் இருந்தது. அங்கே தினமும் மதியம் முந்நூறு பேருக்குச் சோறு. பதினோரு வருடங்களில் ஒரு நாள்கூட அது நின்றதில்லை.

மடத்தின் தலைவி திலகவதி அம்மை. வயது நாற்பத்து நான்கு. சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. சர்க்கரை ஆலையில் இருபத்தாறு வருடம் கொதிகலன் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தார். நெருப்பைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

அடுப்பில் எரித்தது முந்திரி ஓடு. பக்கத்து முந்திரிப் பருப்பு ஆலைக்காரர் வாரம் இரண்டு வண்டி தர்மமாக அனுப்பினார். ஓட்டில் எண்ணெய் இருப்பதால் நன்றாக எரியும். அதே எண்ணெயால் புகை கறுப்பாக, பிசுபிசுவென்று வரும். கண் எரியும். தொண்டையில் பட்டால் இருமல் லேசில் நிற்காது.

முதலில் சமையல்காரர்கள் நான்கு பேரும் இருமினார்கள். தணிகாசலம் செங்கல்லால் பன்னிரண்டு அடிப் புகைபோக்கி கட்டினார். புகை தியான மண்டபத்துக்குள் வந்தது. ஆறடித் தகரக் குழாய் இரண்டை மேலே மாட்டி இருபத்து நான்கு அடியாக்கினார். மண்டபம் தெளிந்தது. கிழக்குத் தெருக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

அன்று அவர் அம்மையிடம் போனார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஐயா.”

“புகைபோக்கி எத்தனை அடி இருந்தா இவங்க குறை சொல்றது நிக்கும்?”

“உங்க ஆலையில எத்தனை அடி?”

“நூத்தி இருபது. ஒருத்தரும் வாயைத் திறந்தது இல்ல.”

“நீங்க போய்க் கேட்டீங்களா?”

“நான் எதுக்கும்மா போய்க் கேக்கணும்?”



“சரி. இன்னும் ஏத்துங்க. ஏத்தினதும் புகைக்குக் கீழேயே நடந்து போய், அது எங்க முடியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

தணிகாசலம் மேலும் இரண்டு குழாய்களை மாட்டினார். முப்பத்தாறு அடி ஆயிற்று. மறுநாள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு புகையின் கீழே நடந்தார். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

“முடிவைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். கிழக்குத் தெரு சுத்தமா இருக்கு. புகை அதைத் தாண்டிப் போயி குளத்துமேட்டுல இறங்குது. நாப்பத்தேழு வீடு. கொடியில காயுற வேட்டியெல்லாம் கரும்புள்ளி. பலா மரம் ஆறு நிக்குது, இலையில விரலை வச்சா ஒட்டுது. ரயில் பாதைக்கு அந்தாண்ட ஒண்ணும் இல்ல. அங்க முடிஞ்சுடுச்சு.”

“புகை முடிஞ்சுதா, உங்க கண்ணுக்குத் தெரியறது முடிஞ்சுதா?”

தணிகாசலத்துக்கு எரிச்சல் வந்தது.

“அம்மா, மூவாயிரத்து நானூறு எட்டு எண்ணி நடந்திருக்கேன். இந்த வெயில்ல.”

“இன்னும் நாலு எட்டு வச்சிருக்கலாம்” என்றார் அம்மை.

இரண்டு மாதம் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. தணிகாசலம் நிம்மதியாக இருந்தார்.

குளத்துமேட்டில் பூங்காவனம் என்று ஒரு பெண். தினமும் மடத்தில் சாப்பிட்டுவிட்டு, புருஷன் கலியமூர்த்திக்கு ஒரு தூக்கில் வாங்கிப் போவாள். ஒரு நாள் வரிசையில் வந்தவள் தூக்கை நீட்டவில்லை.

“தூக்கை நீட்டும்மா. பின்னால ஆள் நிக்குது” என்றார் தணிகாசலம்.

“வேணாங்க. அவரு சாப்புடற நெலமையில இல்ல. பதினாறு நாளா படுக்க முடியல. சுவத்துல சாஞ்சு ஒக்காந்தபடியே கண்ண மூடுறாரு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. பொகை இல்லாத எடமாப் பாத்துப் போங்க, இல்லன்னா ஆளு தேறாதுன்னாங்க. இருக்கிற ஒரு வீட்ட வுட்டுட்டு நான் எங்க போவேன்?”

“பீடி கீடி குடிப்பாரா?”

“அவரு குடிச்சதே இல்ல. மடம்தான் முப்பத்தாறடியில ஒண்ணு பத்த வச்சிருக்கு.”

வரிசையில் சிரித்தார்கள். தணிகாசலத்தின் முகம் சிறுத்தது.

“தினம் இங்க சாப்பிடற. இப்படிப் பேசலாமா?”

“பேசாம என்ன பண்றது? சோத்துக்கு எங்கள வரிசையில நிக்க வைக்கிறீங்க. பொகைய மட்டும் வீடு தேடி வந்து போடுறீங்க.”

கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் நேரே அம்மையிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

“முந்நூறு வயிறும்மா. ஒரு ஆளுக்கு மூச்சு வாங்குதுன்னு அடுப்பை அணைக்க முடியுமா? இன்னும் பன்னெண்டு அடி ஏத்திடறேன். குளத்துமேட்டைத் தாண்டிடும்.”

“தாண்டி?”

தணிகாசலம் ஜன்னல் வழியே குளத்துமேட்டுப் பக்கம் பார்த்தார்.

“இறக்குங்க” என்றார் அம்மை.

“எவ்வளவு?”

“இந்த மண்டபத்து ஜன்னல் மட்டத்துக்கு.”

“மொத்தப் புகையும் உங்க மேலதான் வரும்.”

“நம்ம புகைதானே. ஊர் சுத்தினது போதும். வீட்டுக்கு வரட்டும்.”

தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே நான்கு குழாய்களையும் கழற்றினார். செங்கல்லிலும் ஆறடியை இடித்தார்.

மறுநாள் புகை மண்டபத்துக்குள் வந்தது. இருபத்திரண்டு பேர் தியானத்துக்கு உட்கார்ந்தார்கள். எழுந்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள். அம்மை யாரையும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நான்கு பேர். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மையின் பேச்சைக் கேட்கப் பருப்பு ஆலைக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சீக்கிரமே கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

“என்னம்மா இது? எதைப் போட்டு எரிக்கிறாங்க?”

“நீங்க குடுத்ததை.”

மரியாதைக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்துவிட்டு அவர் எழுந்து போனார்.

அந்த மூன்று நாளும் அம்மைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தணிகாசலம். வெள்ளிக்கிழமை படுத்தபோது அவருக்கு இருமல் வந்தது. எழுந்து உட்கார்ந்தார். நின்றது. படுத்தார். வந்தது. கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் முந்திரி ஓட்டு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. ஓடு ஏற்றி வந்த வண்டியை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். விருந்தாளிகளுக்குக் காப்பி போட மடத்தில் இரண்டு எரிவாயு அடுப்புகள் இருந்தன. அவற்றில் முந்நூறு பேருக்குச் சோறு, சாம்பார், பொரியல் என்று ஆக்க முடியாது. கஞ்சி காய்ச்சலாம். தொட்டுக்கொள்ளத் துவையல் அரைக்கலாம்.

வரிசையில் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க காய்ச்சல்?” என்று கேட்டார்.

“வாங்கிட்டு நகருங்க” என்றார் தணிகாசலம்.

ஐந்தாம் நாள் வரிசை இருநூற்று அறுபதாகக் குறைந்தது. பதினோரு வருடப் பெயர் போயிற்று என்று அவர் அம்மையிடம் இரண்டு முறை சொன்னார். அம்மை இரண்டு முறையும் கேட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் பூங்காவனம் தூக்கை நீட்டினாள்.

“எப்படி இருக்காரு?” என்று தணிகாசலம் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“ரெண்டு நாளா படுக்கிறாரு. தூங்குறாரு.”

அவர் தூக்கு நிறைய ஊற்றினார்.

மறுநாளும் அவள் வந்தாள். தூக்கை நீட்டுவதற்கு முன், “நேத்துக் கஞ்சியில உப்பே இல்லன்றாரு அவரு” என்றாள்.

தணிகாசலம் கரண்டியை அண்டாவில் போட்டார். அம்மை அன்று வரிசைக்குத் துவையல் வைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் அவர் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களாம்மா? புகையை நிறுத்தினேன். சாம்பாரை நிறுத்தினேன். மடத்துப் பேரை விட்டேன். இப்ப உப்பு இல்லையாம். இவங்க குறை எப்பதான் தீரும்?”

அம்மை அடுத்த தட்டுக்குத் துவையல் வைத்தார்.

“அன்னைக்கு வந்து மூச்சைக் கேட்டாங்க. இன்னைக்கு உப்புதானே கேக்கறாங்க. போடுங்க ஐயா.”