ஊழிவாயின் நாக்கடியில்

அந்தக் காலத்தில் போர்க்கப்பல்களுக்கும் பேச்சு இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே போகும்போது எதிரே வருகிற கப்பலைப் பார்த்து, "எங்க இவ்வளவு தூரம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் போகும். வெருவர்களின் கப்பலை மட்டும் எதுவும் விசாரிக்காது. கண்ணில் பட்டதுமே ஓட்டம் பிடிக்கும்.

ஓடாமல் என்ன செய்யும்? வெருவர் என்றால் லேசுப்பட்ட கூட்டமா! ஆளுக்கு நான்கு கை, உடம்பெல்லாம் செதில், வாயைத் திறந்தால் வம்பு. உலகம் உலகமாகப் போய்க் கொள்ளையடித்தார்கள். அவர்களுடைய கப்பலின் பெயர் ஊழிவாய். அதன் முன்பக்கம் முழுக்க ஒரே வாய், அந்த வாய்தான் பீரங்கி. அது ஒரு தடவை நெருப்பைத் துப்பினால் ஒரு நிலவே காணாமல் போய்விடும். ஊழிவாய்க்குச் சண்டை என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

வெருவர்களிடம் கண்டிப்பான வழக்கங்கள் உண்டு. சண்டை நடக்கும்போது "பொறு" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் கோழை. கோழையைக் கப்பல் கதவைத் திறந்து வெளியே தள்ளிவிடுவார்கள். வெளியே காற்றும் கிடையாது, கால் வைக்கத் தரையும் கிடையாது. அதே போல, பெரிய முட்டைகளுக்குத்தான் அடைகாக்கும் அறையில் இடம். சின்ன முட்டையிலிருந்து சின்னப் பிள்ளைதான் வரும், அது சண்டைக்கு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே சின்ன முட்டைக்கும் அந்தக் கதவுதான்.

ஊழிவாயின் பீரங்கிக்காரி நெரிஞ்சி. அவள் குறி தப்பியதாகச் சரித்திரமே இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு முட்டை இட்டாள். எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. நான்கு கைகளாலும் மூடி மறைத்துக்கொண்டு கப்பலின் வாய்க்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

"என்னடி, என் வாய்க்குள்ள உக்காந்து மூக்கைச் சிந்தற?" என்றது ஊழிவாய்.

நெரிஞ்சி கையை விரித்துக் காட்டினாள். கப்பல் நாக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கியது. "இந்த மடிப்புல வை. எப்பவும் கதகதன்னு இருக்கும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நீ சொல்லிடமாட்டியே?"

"நானா? எத்தனையோ உலகத்தைச் சாம்பலாக்கினவ நான். ஒரு முட்டையைக் காப்பாத்தத் தெரியாதா எனக்கு?"

அன்றிலிருந்து பீரங்கி துடைக்கும் சாக்கில் நெரிஞ்சி உள்ளே போய் முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். உள்ளே குஞ்சு துடிப்பது விரலுக்குத் தெரியும். அவளுக்குச் சந்தோஷம் தாங்காது.

அப்போதுதான் அந்தச் சண்டை வந்தது. ஒரு சிவப்பு நிலவுக்குப் பின்னாலிருந்து மனிதர்களின் சின்னஞ்சிறு கப்பல் ஒன்று விருட்டென்று பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் ஊழிவாயின் விலாவில் இரண்டு ஓட்டை போட்டது. எச்சரிக்கை மணி அலறியது. விளக்கெல்லாம் சிவந்தது. வெருவர்கள் திமுதிமுவென்று ஓடினார்கள். நெரிஞ்சி தாவிப் போய்ப் பீரங்கியைச் சுடும் நெம்புகோலைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் முட்டை ஞாபகம் வந்தது.

"நெரிஞ்சி, சுடு!" என்று கத்தினான் தலைவன் குமுறன்.

அவள் காதோரம் ஊழிவாய் கிசுகிசுத்தது. "அடியே, நெம்புகோலை இழுத்துடாத. உன் முட்டை உள்ள இருக்குடி."

மனிதக் கப்பல் சுற்றி வளைத்துக்கொண்டு திரும்பவும் வந்தது. இழுத்தால் பிள்ளை சாம்பல். இழுக்காவிட்டால் கப்பலோடு எல்லாரும் சாம்பல்.

"சுடுன்னு சொல்றேன்ல!" என்றான் குமுறன். அவன் குரல் என்னவோ போல் இருந்தது. நெரிஞ்சிக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்?

அவள் நெம்புகோலிலிருந்து நான்கு கைகளையும் எடுத்தாள். அந்தக் கப்பலில் யாரும் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"பொறு!"

எல்லாருடைய கண்ணும் கதவுப் பக்கம் போனது. குமுறன் அவளை நோக்கி நடந்து வந்தான். கத்தியை உருவப் போகிறான் என்றுதான் நெரிஞ்சி நினைத்தாள். அவன் அவள் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்:

"எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?"

நெரிஞ்சி அவன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது! "ஓடுங்க!" என்று அவள் கத்தியதுதான் தாமதம், குமுறன் முதல் ஆளாகக் கப்பலின் வாயை நோக்கி ஓடினான். அவனுக்குப் பின்னால் சமையல்காரன், அவனுக்குப் பின்னால் காவல்காரிகள், அவர்களுக்குப் பின்னால் பாதிக் கப்பல்! ஊழிவாய் நாக்கை முழுசாகத் தூக்கியது. அடியில் மடிப்புக்கு மடிப்பு முட்டை. எல்லாம் சின்னச் சின்ன முட்டை. ஒவ்வொருவரிடமும், "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லியிருக்கிறது அந்தக் கள்ளி!

அள்ளினார்கள். மார்போடு அணைத்தார்கள். சுடத் தயாராக இருந்த பீரங்கிக்குள் அனல் ஏறி வாய் செக்கச்செவேலென்று எரிந்தது. எல்லாரும் போன பிறகும் நெரிஞ்சியின் முட்டை மடிப்பில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். மனிதக் கப்பல் நேர் எதிரே வந்துவிட்டது. ஊழிவாய் அப்போதே வாயை மூடியிருந்தால் தப்பித்திருக்கும். அது மூடவில்லை, மூடினால் நாக்குக்கடியில் அவள் நசுங்கிப்போவாள். கடைசியில் முட்டை கைக்கு வந்தது. நெரிஞ்சி உள்கதவுக்குள் பாய்ந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சா?" என்று கேட்டது ஊழிவாய்.

"எடுத்தாச்சு!"

மனிதக் கப்பல் அதன் தொண்டைக்குள்ளேயே சுட்டது.

புகையைக் கக்கிக்கொண்டு ஊழிவாய் எப்படியோ தப்பி ஓடியது. குஞ்சுகள் பொரிந்தன. நெரிஞ்சியின் மகள் அவள் முழங்கால் உயரம்கூட வளரவில்லை, ஆனால் அந்தக் குட்டி போட்ட சத்தத்தில் கப்பல் அதிர்ந்தது. ஊழிவாய் மட்டும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நெரிஞ்சி தினமும் அந்த வெந்த வாய்க்குள் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். பதில் வரவே இல்லை. வேறு கப்பல்களும் அந்தத் துக்கத்தில் பேச்சை விட்டுவிட்டன.

இதனால் வெருவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கொள்ளையும் குறையவில்லை, கொடுமையும் குறையவில்லை. கதவுக்கு வெளியே முட்டை எறிவதை மட்டும் விட்டார்கள்.

அன்று முதல்தான் வெருவர்களின் போர்க்கப்பல் சுடுவதற்கு முன்னால் வாயை அகலத் திறந்து, உள்ளே செக்கச்செவேலென்று எரிய, ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்கிறது. யாராவது இன்னும் உள்ளே பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கிறது. வீடியோ விளையாட்டில் நாமும் அந்த ஒரு மூச்சுக்காகவே காத்திருந்து, பொத்தானை அழுத்தி, அதன் தொண்டைக்குள் சுட்டு ஜெயிக்கிறோம்.