கால் படாத வீதி

முன்னொரு காலத்தில் செங்கோடவர்மர் என்ற ராஜாவுக்கு, காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்கு வேலை வரும். அன்றும் வந்தது.

வகிடு எடுத்த மாதிரி தலைநகரத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கோட்டை வாசலிலிருந்து ஆறு வரை ஓடுகிறது ராஜவீதி. அன்றைக்கு அங்கே யானை ஓட்டம். ராஜா சொன்னார்: "வீதி முழுவதும் புது மணல் பரப்புங்கள். என் பட்டத்து யானையின் கால்தான் அதில் முதலில் பதிய வேண்டும். மனிதர் தடம் ஒன்றுகூட இருக்கலாகாது."

நகரக் காவலுக்கு அதிபதி தண்டநாயகர் வீரகேது. ராஜா ஓரடி சொன்னால் மூன்றடி செய்கிறவர். முதலில் மணலைக் கொட்டினார். பிறகுதான் முரசு அறைந்தார்.

"மணலில் கால் வைப்பவரின் கால் வெட்டப்படும்! அகப்பட்டவர் மேலச் சாவடியில் ஒப்படைக்கப்படுவர். மகாராஜா வந்து தீர்ப்பளிப்பார்!"

ஊர் அப்படியே உறைந்தது. மேற்கே வேலைக்குப் போனவன் மேற்கே. கிழக்கே தயிர் விற்க வந்தவள் கிழக்கே. சுற்றிப் போகலாமா? வடக்கே கோட்டை அகழி. தெற்கே ஆற்றில் வெள்ளம். வழி இல்லை.

கிழக்கு ஓரத்தில் மருத்துவச்சி காத்தாயி, மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம், நாற்பதடி மணலுக்கு அப்பால், கயிறு திரிக்கிற செல்லாண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஆத்தா! வந்துருங்க ஆத்தா! பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு! காலு முன்னால வருதாம்!"

அவன் மனைவி பூவாயிக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை.

காத்தாயி வீரகேதுவின் காலில் விழுந்தாள். "சாமி, ரெண்டு உசுரு சாமி. ஓரமா, விரல் நுனியில போயிடறேன்."

"விரல் நுனிக்கும் தடம் உண்டு. விலகிப் போ."

"உங்க வீட்டுப் பிள்ளைங்க மூணையும் இந்தக் கையிலதானே வாங்கினேன்?"

வீரகேதுவின் முகம் ஒரு கணம் ஆடியது. ஒரு கணம்தான். "ஆணை ஆணைதான்."

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் சடைக்கூத்தன். அரண்மனை விகடகவி. மந்திராலோசனைக்கு முன்பே ராஜா இவனைக் கூப்பிட்டுப் பேசுகிறார் என்பதால், வீரகேதுவுக்கு இவனைக் கண்டாலே வயிறு எரியும்.

எதிர்ப்பக்கக் கதறலைக் கேட்டான். காத்தாயியின் முகத்தைப் பார்த்தான். அன்று அவன் முகத்தில் விகடம் இல்லை.

"நாயகரே, ஆணையை இன்னொரு முறை சொல்வீரா?"

"உமக்குக் காது மந்தமோ? கால் வைத்தால் கால் போகும். அகப்பட்டவர் மேலச் சாவடிக்குப் போவார்."

"மேலச் சாவடி எந்தப் பக்கம்?"

"மேலச் சாவடி மேற்கேதான் இருக்கும். விகடத்துக்கு இது நேரமில்லை, ஓய்."

"இல்லைதான்." சடைக்கூத்தன் குனிந்து காத்தாயியின் காதருகில் கேட்டான். "தாயே, உன் காலைப் பணயம் வைப்பாயா? என் காலையும் கூட வைக்கிறேன்."

காத்தாயி ஒரு மூச்சு விட்டாள். "அங்க ரெண்டு உசுரு, இங்க ஒரு காலு. இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் மணலில் ஓரடி வைத்தார்கள்.

கூட்டம் மூச்சை இழுத்தது.

"பிடியுங்கள்!" வீரகேதுவின் குரலில் சந்தோஷம் துள்ளியது. இத்தனை வருஷம் காத்திருந்த இரை, தானாக வந்து வலையில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு காவலர்கள் பாய்ந்து பிடித்தார்கள். "இவர்களைக் கட்டி இங்கேயே வையுங்கள்!"

"ஆகாது, நாயகரே," என்றான் சடைக்கூத்தன். "அகப்பட்டவரை ஒரு நாழிகைக்குள் சாவடியில் ஒப்படைக்காத காவலனுக்கு, அந்தக் கைதியின் தண்டனையே கிடைக்கும். மகாராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம். கையூட்டு வாங்கிக்கொண்டு வழியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று போட்டது. உமக்குத் தெரியாததா?"

கையைப் பிடித்திருந்த காவலன் பேச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "எசமான்... அந்தச் சட்டம் இருக்குதுங்க. போன வருசம் அதுலதான் என் மச்சான் ஆறு மாசம் உள்ள இருந்தான்."

"ஆனால் மணலில் நீங்கள் கால் வைத்தால்..." என்றார் வீரகேது.

"எசமான், மணல்ல கால் வச்சா தீர்ப்பு மகாராஜா கையில. ஒப்படைக்கலேன்னா என் காலு இப்பவே போயிரும். எனக்கு இருக்கிறது ரெண்டுதானுங்க."

வீரகேது வாயைத் திறந்தார். அதற்குள் காத்தாயி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சடைக்கூத்தனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "இனி ஓரடி எடுத்து வைத்தால் இரண்டாம் குற்றம். ஆகவே எங்களைச் சுமந்துதான் போக வேண்டும்."

ஆளுக்கு இருவராகச் சுமந்தார்கள். காத்தாயி கொஞ்சம் கனம். நடு மணலில் பேச்சிமுத்துவின் முழங்கால் மடங்கியது. "ஆத்தா, என்னத்தைத்தான் திங்கிறீங்க?" என்று முனகினான். "பேசாம ஓடுடா!" என்றாள் அவள்.

வீதியின் மேற்கு ஓரத்தில், மேலச் சாவடியின் மணியக்காரர் நாச்சியப்பர் வாசலில் நின்றார். சாவடிச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் செல்லாண்டியின் வீடு. காலையிலிருந்து பூவாயியின் அலறலைக் கேட்டுக் கேட்டு அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"கைதி இருவர்," என்றான் பேச்சிமுத்து.

மணியக்காரர் காத்தாயியைப் பார்த்தார். "கைதியை எங்கே உட்கார வைப்பது என்பது என் பொறுப்பு. இந்தம்மாவைப் பக்கத்து வீட்டில் வை. வாசலில் நீ காவல். ஓடு!"

கதவு சாத்தப்பட்டது. அலறல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. செல்லாண்டி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். சடைக்கூத்தன் அவன் தோளில் கை வைத்தான்.

முரசு ஒலித்தது. கோட்டை வாசல் திறந்தது. பட்டத்து யானை மேல் ராஜா வந்தார்.

வந்தவர் கண்டது என்ன? நடு வீதி மணல், சந்தை கூடிக் கலைந்த இடம் போல மிதிபட்டுக் கிடந்தது. வியர்வை சொட்டும் இரண்டு காவலர்கள் ஒரு வைத்தியரைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனார்கள். அவருக்குப் பின்னால், தொட்டிலில் விட்டு வந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிற தயிர்க்காரி, பல்லக்கில் போகிறவள் போலப் போனாள். கிழக்கு ஓரத்தில், ஒற்றைக் காலை மணலில் வைத்தபடி, தங்களையும் பிடித்துத் தூக்கிப் போகட்டும் என்று ஒரு வரிசையே நின்றது.

ராஜாவின் முகம் சிவந்தது. "யார் செய்தது இது?"

வீரகேது ஓடி வந்தார். "மகாராஜா! எல்லாம் இந்த விகடகவியின் சதி. தங்கள் மணலை மிதித்தவன் இவனே!"

"உண்மையா?"

"உண்மை, மகாராஜா. ஓரடி மிதித்தேன். கிழக்கு ஓரத்தில் அந்தத் தடம் இருக்கிறது. கூடவே மருத்துவச்சியின் ஓரடி. குறுக்கே போகும் மற்றத் தடங்களைத் தாங்களே பாருங்கள். அத்தனையும் ஆணி அடித்த செருப்பின் தடங்கள். காவலர் செருப்பு. நாங்கள் தங்கள் வீதியைக் கடக்கவில்லை. தங்கள் சட்டம்தான் எங்களைச் சுமந்துகொண்டு கடந்தது."

"எதற்காக?"

சடைக்கூத்தன் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அப்பால் ஒரு சத்தம். பூனைக்குட்டியின் சத்தம் போல மெல்லியது. நின்றது. மீண்டும் எழுந்தது. இந்த முறை வீதி முழுவதும் கேட்டது.

செல்லாண்டி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. காத்தாயி வெளியே வந்தாள். முழங்கை வரை ரத்தம். கை கூப்பினாள். "பொம்பளைப் பிள்ளை, மகாராஜா. கொடி சுத்திக் கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு பேரும் இல்லை. என் வேலை முடிஞ்சது. கால் எடுக்கணும்னா எடுத்துக்கங்க."

ராஜா அவள் கையையே பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்தது.

"பொழுது விடிந்து நான் கேட்டது மணல்தான்," என்றார் தணிந்த குரலில். "அதன் விலையை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை."

அப்போது கிழக்கு ஓரத்திலிருந்து ஒரு குரல் பொறுமையிழந்து எழுந்தது. "காவக்காரய்யா! எம்மாம் நேரமாக் குத்தவாளியா நிக்கிறது? ஒத்தக்காலு மரத்துப்போச்சு. கல்யாண வீட்டுல அடுப்பு காத்துக் கிடக்குது. சட்டப்படி வந்து தூக்குங்க!" மலை மாதிரி ஒரு சமையற்காரர், தலையில் அண்டாவோடு.

பேச்சிமுத்து அந்த உடம்பைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். ராஜாவின் பக்கம் திரும்பி, அழுகிற குரலில் சொன்னான்: "மகாராஜா, என் காலை வேணும்னா வெட்டிருங்க. அவரை மட்டும் தூக்கச் சொல்லாதீங்க."

ராஜா சிரித்துவிட்டார். அம்பாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊரே கூடச் சிரித்தது. வீரகேது மட்டும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம் கழுத்து முத்தாரத்தைக் கழற்றிச் சடைக்கூத்தனுக்கு அணிவித்தார் ராஜா. "இனி இந்நகரில் எத்தெருவை அடைப்பதாயினும் ஏழு நாள் முன்னதாக முரசு அறைய வேண்டும். எங்கே வழி விடுவது என்பதை நீ குறித்துக் கொடுக்க வேண்டும். தண்டநாயகரே, இன்று இங்கே காத்திருப்பவர் அனைவரையும் நீரே கைப்பிடித்து அழைத்துச் செல்லும்."

பிறகு காத்தாயியிடம் கேட்டார். "தாயே, உன் வீடு எந்தப் பக்கம்?"

"கிழக்கால, மகாராஜா."

"நடந்து போ."

அவள் கை கால் கழுவிக்கொண்டு, மருந்துப் பையை இடுக்கிக்கொண்டு மணலில் இறங்கினாள். களைத்த நடை. நடுவில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் அக்கரை சேரும்வரை பட்டத்து யானை காத்துக்கொண்டு நின்றது.