வாய் திறந்த சாமான் வண்டி

ராசா தும்மினால் ஊரே வாழ்த்துச் சொன்ன காலம் ஒன்று இருந்ததே, அந்தக் காலத்து நாடு ஒன்றில் சடையாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். ராசாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. அவன் சிரித்தானா என்று எவனும் கேட்டதில்லை.

அந்த ராசா ஆண்டுதோறும் மலைக்கோயிலுக்குப் போவார். அவருடைய பெட்டி படுக்கையெல்லாம் சின்னச் சின்ன வண்டிகளில் பின்னால் வரும். அடிவாரம் வரை மாடு இழுக்கும். அதற்குமேல் கூடாது, மாடு சாமியின் வாகனமாச்சே! நுகத்தடியில் மனிதனைப் பூட்டுவார்கள். போன ஆண்டு சடையாண்டியின் அண்ணன் ஒச்சான் பாதி மலையில் கழுத்து முறிந்து செத்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யச் சொல்லிச் சடையாண்டி போய் நின்றபோது பிரதானி அரியநாயகர், "நுகத்தில் பூட்டியவன் வண்டியில் ஒரு பாகம். உடைந்த பாகத்துக்கு யாராவது அழுவார்களா? இதுவே அரண்மனை வழக்கம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த ஆண்டு தம்பி கொப்பையனின் முறை.

அடிவாரத்தில் ராசாவுக்கு ஓர் ஆசை வந்தது. "நம் வண்டிகளில் கனம் குறைந்தது எது? அந்த வகையே இனி மலை ஏறட்டும்."

போட்டிக்கு இரண்டு நின்றன. ஒன்று பிரதானி தம் மைத்துனனைக் கொண்டு செய்வித்தது. மெல்லிய பலகை, அழகான பூவேலை. மற்றது ஊர்த் தச்சர்கள் செய்த முரட்டு வண்டி. பெரிய தராசில் தூக்கிப் பார்த்தார்கள். பிரதானியின் வண்டிதான் இலேசு.

"பஞ்சு, மகாராசா, பஞ்சு! நானே ஒற்றை ஆளாய் இழுத்து மலையேற்றிவிடுவேன்" என்றார் பிரதானி.

சடையாண்டி குனிந்து அந்த வண்டியின் அடியைப் பார்த்தான். அண்ணனைக் கொன்றதும் இதே வகை வண்டிதான். சக்கரம் ரொம்பப் பின்னால் தள்ளிக் கிடந்தது. பெட்டி ஏற்றினால் பாரமெல்லாம் முன்பக்கம் சரிந்து இழுப்பவன் கழுத்தில் உட்காரும்.

"மகாராசா, தராசுக்குக் கழுத்து கிடையாது. தச்சர் வண்டிதான் இலேசு" என்றான்.

"அப்படியா? அதை வண்டியின் வாயாலேயே விகடகவியார் சொல்ல வைக்கட்டும். இல்லையேல் அவர் நாக்கை அறுக்க உத்தரவாக வேண்டும்" என்றார் பிரதானி. ராசாவுக்கு அது பிடித்துப் போயிற்று. "அப்படியே ஆகட்டும்!"

சடையாண்டி பிரதானியைப் பணிந்து கேட்டான். "நுகத்தில் பூட்டியவன் வண்டியில் ஒரு பாகம்தானே, ஐயா?"

"சந்தேகமென்ன? அதுவே வழக்கம்."

"தாங்களே இழுப்பதாக மகாராசா முன் சொன்னீர்கள். பூட்டலாமா?"

ராசா கை தட்டினார். அதற்குமேல் பிரதானியால் மறுக்க முடியுமா? பெட்டிகளை ஏற்றி, முதலில் தச்சர் வண்டியில் பூட்டினார்கள். மூச்சு வாங்க வாங்க எப்படியோ இழுத்துவிட்டார். அப்புறம் அதே பெட்டிகளோடு அவருடைய வண்டி. கால் எடுத்து வைத்ததுமே முழங்கால் மடிந்தது. "ஐயோ, கழுத்து போச்சே! எறக்குங்கடா பாவிகளா! அந்த வண்டியே தேவலடா!"

"மகாராசா, வண்டி வாயைத் திறந்துவிட்டது" என்றான் சடையாண்டி.

ராசா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இனித் தச்சர் வண்டியே மலையேறும் என்று உத்தரவாயிற்று. நுகத்தடியில் நின்ற கொப்பையன், "பொழச்சேன்ணே" என்று கும்பிட்டான். சடையாண்டிக்கு ஓராண்டுக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது.

அது குளிர்ந்து முடிப்பதற்குள் ராசா சொன்னார்: "கனம் குறைந்த வண்டியல்லவா? ராணியின் பெட்டிகளையும் இதிலேயே ஏற்றுங்கள்!"

பெட்டிமேல் பெட்டி ஏறியது. கொப்பையனின் கழுத்து குனிந்துகொண்டே போயிற்று. "என்னண்ணே, இப்பிடிப் பண்ணிட்டியே" என்றான், மெதுவாக.

சடையாண்டி போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நுகத்தடிக்குத் தோள் கொடுத்தான்.

இதுவும் ஒரு விகடம் என்று நினைத்த ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "பிடி, வெகுமதி!" என்று வீசினார். இரண்டு பேரும் நுகத்தடியில் இருந்ததால் பிடிக்கக் கை இல்லை. மாலை பெட்டிகளின்மேல் விழுந்தது.

அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவர்கள் மலை ஏறினார்கள்.