மந்திரி போட்ட சாப்பாட்டுக் கணக்கு

தும்பையூரை ஆண்ட பராக்கிரம பூபதி போருக்குப் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பந்திக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவார். அந்த மகாராசா ஒரு நாள் சபையில் கத்தினார்.

"ஒரு தரம் தின்ற மத்தியானச் சாப்பாடு ஒரு வருஷத்துக்கு மறுபடி என் இலையில் விழக்கூடாது! விழுந்தால் சமையல்காரனை நாடு கடத்துவேன்!"

சமையல்காரர் சிற்றம்பலம் தமக்குத் தெரிந்ததைச் சபையில் எண்ணிச் சொன்னார். பாவம், அவருக்குத் தெரிந்தது ஐந்து குழம்பு, நாலு ரசம், ஐந்து பொரியல், நாலு பச்சடி. அவ்வளவுதான்.

மந்திரி திருமேனிநாதருக்கோ ஒரே குஷி. தண்டச்சோறு தின்னும் தன் மச்சினனை அரண்மனைச் சமையல்கட்டில் நுழைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? அந்த மச்சினனுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது, அது வேறு விஷயம்.

மந்திரி விரலை மடக்கினார். "ஐந்தும் நாலும் ஒன்பது. அதோடு ஐந்து, பதினாலு. அதோடு நாலு, பதினெட்டு. பதினெட்டே நாள்தான் மன்னா! அப்புறம் இவன் சரக்கு தீர்ந்தது. இப்போதே துரத்திவிடலாம்."

சபையின் விகடகவி கோளரிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தான்.

"மன்னா, நேற்று மோர்க்குழம்புக்கு என்ன பொரியல்?"

"வாழைக்காய்."

"இன்றைக்கும் அதே மோர்க்குழம்பு, ஆனால் சேனைக்கிழங்கு. இரண்டும் ஒரே சாப்பாடா?"

"போடா பைத்தியக்காரா! எப்படி ஒன்றாகும்? சேனைக்கிழங்கு என்றால் நான் நாலு கவளம் கூடச் சாப்பிடுவேனே!"

"அப்படிச் சொல்லுங்கள்! ஒவ்வொரு குழம்புக்கும் நாலு ரசம் மாற்றலாம். ஐந்து குழம்புக்கு இருபது விதம். அந்த இருபதோடும் ஐந்து பொரியலை மாற்றினால் நூறு. நூறோடும் நாலு பச்சடியை மாற்றினால் நானூறு. வருஷமே முடிந்துவிடும், சாப்பாடு முடியாது!"

மந்திரி விடவில்லை. "அப்போ நான் கூட்டியது தப்பா?"

"கூட்டியது சரிதான் ஐயா. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினீர்களே, அந்த அறிவைத்தான் சொல்கிறேன்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "சிற்றம்பலம், நீ போய் இலையைப் போடு! ஐயோ, இந்த மந்திரி பேச்சைக் கேட்டு நல்ல சோற்றை இழக்கப் பார்த்தேனே! கோளரி, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த ஆளுக்கு இனி என்ன வேலை கொடுப்பது?"

"கையில் விளக்குமாற்றைக் கொடுங்கள் மன்னா. அதைப் பிடித்தால், கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்றுதான்!"